அண்ணன் மாட்டிய சென்சார்

என் அண்ணனுக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் கோவைப் பக்கத்தில் வெட்டிக்கொள்ளும் பகை இருந்தாலும் பேச்சில் மரியாதை குறையாது. நான் அவரை 'சரிங்கண்ணா' என்பேன். அவர் என்னை 'அம்மணி' என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் எவ்வளவு பாசமான பிள்ளைகள் என்று மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் மேட்டுப்பாளையத்தில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் கோவையில், பீளமேட்டில் இருக்கிறேன். பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை. பம்ப் எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது என்று காட்டும் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணம் ஒத்துவராமல் நாலாவது வருடமே பிரிந்து வந்துவிட்டவள் நான். அண்ணனைப் பொறுத்தவரை, எதையும் வைத்துக் காப்பாற்றத் துப்பில்லாதவள். இதை அவர் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அப்பா இறந்ததிலிருந்து அம்மா என்னோடு இருந்தார். அப்பாவின் பழைய பெட்ரோல் காரும் என்னிடம்தான் இருந்தது. ஆர்.சி. மட்டும் அண்ணன் பெயரில். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆட்டோவில் காலை மடக்கி ஏற முடியாது. அதனால் சாவி என்னிடம் இருப்பதை அண்ணன் பொறுத்துக்கொண்டிருந்தார்.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அம்மாவும் நானும் மத்தியானம் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரமடை தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் கிண்டி மாதிரி ஒரு படம், நுனியில் ஒரு சொட்டு. இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தமில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகு பத்தடிகூட ஓட்டக்கூடாது. நான் ஓட்டவில்லை. ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி, இன்ஜினை நிறுத்தினேன்.

பானெட்டைத் திறந்து ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோடு வரை ஆயில் இருந்தது. சூடு ஏறவில்லை. நிறுத்தும் வரை கடகடவென்று ஒரு சத்தமும் வரவில்லை. அழுத்தம் நிஜமாகவே போயிருந்தால் இன்ஜின் இப்படிச் சாதுவாக இருக்காது. எனக்கு அப்போதே சந்தேகம்தான், இன்ஜினில் குறையில்லை, அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று. ஆனால் சந்தேகத்தை நம்பி இன்ஜினை ஓட்டிப் பார்க்க முடியாது. வண்டி அண்ணன் பெயரில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அம்மணி, தண்ணி இருக்குதா?" என்றார் அம்மா பின் சீட்டிலிருந்து.

"ஒரு நிமிசமுங்கம்மா" என்றேன்.

அரை மணியில் அண்ணன் பைக்கில் வந்தார். அதற்குள் சென்சாரின் வயரைப் பிடித்துப் பார்த்திருந்தேன். அதன் கழுத்தில் ஆயில் கசிந்து அழுக்கு அப்பியிருந்தது. அதைக் காட்டப் போனேன். அவர் பார்க்கவில்லை.

"லைட்டோட எத்தன கிலோமீட்டர் ஓட்டுன?"

"எரிஞ்ச ஒடனே நிறுத்திப்போட்டனுங்கண்ணா."

"ம்ம்" என்றார்.

அந்த 'ம்ம்' இருக்கிறதே, அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். அவர் கம்பியை உருவித் துடைத்தார், திரும்ப விட்டு உருவினார். ஆயில் நிறைய இருந்தது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். "ஆயிலு பம்ப்பு போயிருக்கும். உள்ளார எல்லாம் கருகியிருக்கும் அம்மணி" என்றார், சாவு வீட்டில் பேசுகிற குரலில். ஒரு டெம்போவை வரவழைத்து, வண்டியைக் கட்டி இழுத்து மேட்டுப்பாளையத்துக்கே கொண்டுபோனார். நானும் அம்மாவும் டாக்சி பிடித்துக் கோவைக்கு வந்தோம். டாக்சியில் ஏறும்போதுதான் அம்மா தண்ணீர் கேட்டது ஞாபகம் வந்தது. டிரைவரிடம் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து அண்ணனே வண்டியை ஓட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். விளக்கு எரியவில்லை. ஆயிலை மாற்றிவிட்டாராம், புது சென்சார் போட்டாராம், இன்ஜின் மயிரிழையில் தப்பித்ததாம். "இன்னொரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டியிருந்தயின்னா அவ்வளவுதான்" என்றார். நான் ஓட்டவில்லை என்று மறுபடியும் சொன்னேன். காப்பியை ஆற்றிக்கொண்டே அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு வண்டியப் பாத்துக்கவே இத்தன செரமம். அம்மாவ அது எப்புடிப் பாத்துக்கும்? ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் நான் கூட்டீட்டுப் போயர்றேன். வண்டியும் அங்கயே நிக்கட்டும்."

'அது' என்றது என்னை. ஆடியில் எங்கள் வீடுகளில் யாரும் இடம் மாற மாட்டார்கள், அதனால் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. இல்லாவிட்டால் அன்றைக்கே அம்மாவின் பெட்டியைக் கட்டியிருப்பார். அம்மா எழுந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மாவை விடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே செய்தி சொந்தமெல்லாம் சுற்றிவிட்டது. சென்னிமலையிலிருந்து பெரியம்மா போன் செய்து, "வண்டியக் கருக்கிப்போட்டயாமா கண்ணு?" என்று விசாரித்தார். துக்கம் விசாரிப்பதில் எங்கள் பெரியம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் அம்மாவும் தன் பங்குக்கு, "உங்கண்ணன் கை பட்டதுந்தான் லைட்டு நின்னுது பாரு" என்றார். மூன்று வாரம் நான் அந்த வண்டியை வயிற்றெரிச்சலோடு ஓட்டினேன்.

ஒரு நாள் காலை பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் போட்டு முடித்துச் சாவியைத் திருப்பினேன். முன்னால் நின்ற வேன் நகரவில்லை. ஸ்டார்ட் செய்யாமல் சாவியைப் பாதியில் விட்டுக் காத்திருந்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேட்டரி விளக்கு எரிந்தது, ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்தது. கிண்டி விளக்கைக் காணோம்.

எரிய வேண்டும். இன்ஜின் ஓடாதபோது அழுத்தம் இருக்காது, அழுத்தம் இல்லையென்றால் அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகுதான் அணைய வேண்டும். பதினேழு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு கேஜ் வந்தால் முதலில் பார்ப்பது அது எவ்வளவு காட்டுகிறது என்றல்ல, சும்மா இருக்கும்போது பூஜ்யத்துக்கு வருகிறதா என்று. வராததைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் மூன்று வாரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். அண்ணன் விளக்கைச் சரிசெய்யவில்லை, அதன் கண்ணைப் பிடுங்கியிருக்கிறார். ஆயில் ஒரு சொட்டு இல்லாமல் கொட்டிப்போனாலும் அது இனி எரியாது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் இறங்கிப்போய் அவர்களுக்குக் கைகொடுத்திருப்பேன்.

கம்பெனியில் சொல்லிவிட்டு ஒரு கேஜை எடுத்து வந்தேன். சென்சார் இருக்கும் துளையில் அது பொருந்துவதற்கு லேத்தில் சொல்லிப் பித்தளையில் ஒரு இணைப்பு கடைந்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ஆடி வெள்ளி. அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, தேங்காய் பழத்தட்டோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக நான் சொல்லியிருந்தேன்.

"அரை மணி நேரமுங்கம்மா. இதப் பாத்துப்போட்டுப் போயரலாம்."

முதலில் சாவியைப் பாதி திருப்பி வைத்து, சென்சாரிலிருந்து வயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் இரும்பில் தொட்டேன். உள்ளே கிண்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் பல்பு நல்லது, வயரும் நல்லது. திரும்ப மாட்டினேன். விளக்கு செத்துவிட்டது. அந்தச் சென்சாருக்கு ஒரே ஒரு வயர்தான். மின்சாரம் அதன் வழியாக வந்து, சென்சாரின் உடம்பு வழியாக இன்ஜின் இரும்புக்கு இறங்க வேண்டும். இன்னொரு வயர்த் துண்டை எடுத்து ஒரு முனையைச் சென்சாரின் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். விளக்கு எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. இரும்பில் திருகியிருக்கிற இரும்பு, இரும்பைத் தொடவில்லை. எப்படித் தொடாமல் இருக்கும் என்று ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினேன்.

சென்சாரின் திருகு மரை முழுக்க வெள்ளை டேப். நாலு சுற்று, அழகாக, இறுக்கமாக, ஓரம் பிசிறில்லாமல்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பைப்பில் தண்ணீர் கசியாமலிருக்க மரையில் சுற்றுகிற டேப் அது. இந்த ஊர்க்காரர்களின் கையே அப்படித்தான். போர்வெல்லுக்கும் மோட்டாருக்கும் பிறந்து வளர்ந்த ஊர், மரையைக் கண்டால் டேப்பைத் தேடும். அண்ணனும் முப்பது வருடமாகச் சுற்றுகிறார். அந்த டேப் தண்ணீரை மட்டுமல்ல, மின்சாரத்தையும் விடாது. நல்ல வேலைக்காரர் வேறு, ஒரு இடத்தில்கூடக் கிழியாமல் சுற்றியிருந்தார். கொஞ்சம் மோசமாகச் சுற்றியிருந்தால் விளக்கு எரிந்திருக்கும்.

"மணி பதினொண்ணாச்சு அம்மணி" என்றார் அம்மா.

"தோ ஆச்சுங்கம்மா."

பிறகு துளையில் கேஜைத் திருகி இன்ஜினை ஓட்டினேன். நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டேன். சும்மா நிற்கும்போதே ஒன்றரை கிலோ அழுத்தம் காட்டியது. ஆக்சிலேட்டரை மிதிக்க நாலு வரை ஏறியது. இந்த வயதான இன்ஜினுக்கு அது வெகு நல்ல அழுத்தம். கருகவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மயிரிழையில் தப்பித்ததெல்லாம் அண்ணனின் கற்பனை. அவர் கழற்றிய பழைய சென்சாரைப் புதியதின் டப்பாவிலேயே போட்டு டிக்கியில் வைத்திருந்தார். அதைத் திங்கட்கிழமை கம்பெனியில் அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன், பொறுக்கவில்லை. அப்போதே சைக்கிள் பம்ப்பை வைத்து ஒரு ஏற்பாடு செய்து காற்றடித்துப் பார்த்தேன். அரை கிலோவிலேயே அணைக்க வேண்டிய விளக்கை இரண்டு கிலோ தாண்டியும் அது அணைக்கவில்லை. அன்றைக்கு ரோட்டில் பொய் சொன்னது அதுதான்.

எல்லாம் முடிந்து கையைக் கழுவி நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கோயில் நடை சாத்தியிருப்பார்கள். அம்மா வாசலில் இல்லை. உள்ளே புடவையை மாற்றிவிட்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளி போய்க்கொள்ளலாம் என்றேன். தலையாட்டினார். எனக்கு அப்போது சாப்பாடுகூடத் தேவைப்படவில்லை.

நான் அடுத்துச் செய்ததை நல்லவர்கள் யாரும் செய்ய மாட்டார்கள். போனில் சொல்லியிருக்கலாம். டேப்பை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நானோ புது டேப் வாங்கி, அந்தச் சென்சாரில் அவர் சுற்றிய அதே திசையில் நாலு சுற்று சுற்றி, அப்படியே திரும்ப மாட்டினேன். மறுநாள் சனிக்கிழமை, அம்மாவைச் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனேன்.

கடையில் பாக்குத் தோப்புக்காரர்கள் இரண்டு பேர் எரிந்த மோட்டாரோடு நின்றிருந்தார்கள். ஆள் இருந்தது நல்லதாகப் போயிற்று. வண்டியைக் கடைக்கு எதிரே நிறுத்தினேன்.

"ஏனுங்கண்ணா, ஒரு நிமிசம் வண்டிகிட்ட வர்றீங்களா?"

"என்ன அம்மணி, மறுபடியும் லைட்டு எரியுதா?" என்று தோப்புக்காரர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"எரியிலீங்க. அதுதானுங்க கோளாறு."

சாவியைப் பாதி திருப்பிக் காட்டினேன். வயரை இரும்பில் தொட்டுக் காட்டினேன். அவருடைய ஸ்பேனரையே வாங்கி, அவர் கண் முன்னால் சென்சாரைக் கழற்றி, அந்த வெள்ளை டேப்பை நகத்தால் உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். மரையைத் துடைத்து, வெறும் வாஷரோடு இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது.

"மூணு வாரமாக் குருட்டுச் சென்சாரை வெச்சு அம்மாவ ஏத்தீட்டுச் சுத்தியிருக்கறனுங்க. ஆயிலு பூராவும் கொட்டியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."

"டேப்பு சுத்தாட்டி கசியுமல்ல?"

"இது தண்ணிப் பைப்பு இல்லீங்கண்ணா."

தோப்புக்காரர்களில் ஒருவர் சிரித்தார். அண்ணன் கழுத்து சிவந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. கேஜ் காட்டிய அழுத்தத்தைச் சொன்னேன். பழைய சென்சாரை எடுத்து அவர் கடை மேஜையில் வைத்தேன். நான் வண்டியைக் கருக்கவில்லை என்று பெரியம்மாவுக்கு அவரே போன் செய்து சொல்ல வேண்டும் என்றேன். பார்த்துக்கொள்ளத் தெரியாதது யாருக்கு என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் கேட்டேன். இருபது வருடத்துக்குச் சேர்த்து வைத்துக் கேட்டேன்.

அவர் டேப்பை உருட்டிக்கொண்டே நின்றார். கடைசியில், "செரி அம்மணி. நீ படிச்சவ. வண்டிய வெச்சுக்க. அம்மாவயும் நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு எரிந்த மோட்டாரிடம் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். கால் தரையில் பாவவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அம்மா பின் சீட்டில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. ஆடிக்காற்று அள்ளிவந்த புழுதி அவர் மடியிலும் தலையிலும் படிந்திருந்தது.

"கேட்டீங்களாம்மா? அவரே சொல்லிப்போட்டாரு."

"கேட்டேன். என்னைய வெச்சுக்கறதுக்கு நான் என்ன வண்டியா?"

"அதில்லீங்கம்மா..."

"ஆவணி ஒண்ணாந்தேதி என்னையக் கொண்டாந்து இங்க உட்டுரு அம்மணி."

எனக்குப் புரியவில்லை. "தப்பு பூராவும் அவருது. கண்ணுல காட்டிப்போட்டனல்லங்க?" என்றேன்.

"அவன் தப்புத்தான் பண்ணுவான். பெத்தவளுக்குத் தெரியாதா? டேப்பு சுத்துவான், வாய்க்கு வந்ததப் பேசுவான். ஆனா வாசப்படி ஏறுனதும் 'சாப்ட்டீங்களாம்மா'ன்னு கேப்பான். நீ மாத்தர போட்டீங்களான்னு கேப்ப, எத்தன தடவ காலு மடக்குனீங்கன்னு கேப்ப. எழுதி வெப்ப. நீ நெம்ப நல்லாப் பாத்துக்கற, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நீ எங்கூடச் சும்மா உக்காந்து பேசுனது கடைசியா எப்பன்னு சொல்லு பாக்கலாம்."

யோசித்தேன். காரமடை வரை யோசித்தேன். அண்ணன் சொன்னது, அண்ணன் செய்தது, அண்ணனுக்கு நான் சொல்லப்போவது என்று நான் அம்மாவிடம் பேசிய பேச்செல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அம்மா கேட்ட அந்த நாள் மட்டும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு வண்டி நின்ற இடம் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

ஆடியில் மீதமிருந்த ஒரே வெள்ளிக்கிழமையும் கம்பெனியில் வேலை அதிகம் என்று தப்பிப்போயிற்று. நிஜமாகவே வேலை அதிகம். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு கோயிலுக்குப் போய்விட்டு எனக்கும் குங்குமம் கொண்டுவந்திருந்தார்.

ஆவணி முதல் தேதி அம்மாவின் பெட்டி, மாத்திரை டப்பா, நாலு கால் கைத்தடி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனேன். வழியில் ஏதாவது பேச வேண்டும் என்று பார்த்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாசலில் அண்ணன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்துப் படியேற்றும்போது, "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அண்ணி என்னை உள்ளே வரச் சொன்னார். இருக்கட்டுங்க, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வண்டிக்கு வந்தேன்.

சாவியைப் பாதி திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை.